மலைப் பள்ளியில் கணினி வழித் தேர்வுக்கு அட்டவணை போடுவது எப்படி: பஸ் நேரத்திலிருந்து தொடங்குங்கள்

கணினி வழித் தேர்வு என்று சுற்றறிக்கை வந்ததும் பெரும்பாலான ஆசிரியர்கள் வருகைப் பதிவேட்டை எடுத்து, வரிசை எண்படி இருபது இருபதாகப் பிரித்துவிடுகிறார்கள். குன்னூர் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் லேப் பொறுப்பு என்னிடம் வந்த முதல் தடவை நானும் அப்படித்தான் பிரித்தேன்.

அன்று காலை ரோடே தெரியாத மூடுபனி. கொலக்கம்பை பக்கமிருந்து வரும் பஸ் ஐம்பது நிமிடம் தாமதம். அதில் வரும் பிள்ளைகள் எல்லா குழுவிலும் மூன்று பேர், நான்கு பேர் என்று சிதறிக் கிடந்ததால் எல்லா குழுவிலும் ஓட்டை விழுந்தது. விட்டுப்போனவர்களைக் கடைசியில் சேர்த்து உட்கார வைத்தபோது மணி நான்கைத் தாண்டிவிட்டது. இரண்டு மாணவிகளுக்கு ஊருக்குப் போகும் பஸ் போய்விட்டது. இருட்டிய பிறகு ஒரு தகப்பனார் டார்ச்சோடு பள்ளி கேட்டில் வந்து நின்றார். அதற்குப் பிறகு நான் போட்ட எல்லா அட்டவணையும் பஸ் நேரத்திலிருந்துதான் தொடங்கியது. எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்யலாம் என்று நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே கீழே தருகிறேன்.

1. தேதியைக் குறிக்கும் முன் மழையைப் பாருங்கள்

தேர்வை நடத்தி முடிக்க மேலிருந்து ஒன்று, இரண்டு வாரம் அவகாசம் தருவார்கள். அதற்குள் எந்த நாட்கள் என்பது பெரும்பாலும் பள்ளியின் கையில்தான் இருக்கும். நீலகிரியில் எல்லா தாலுகாவுக்கும் ஒரே நாள் ஒத்துவராது.

கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அந்த மாதங்களில் மழை விடுமுறை அறிவிப்பு விடியற்காலையில்தான் வரும், அதுவும் சில தாலுகாவுக்கு மட்டும் வரும். குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகைதான் ஆபத்து. 2009 நவம்பர் நிலச்சரிவை இங்கே யாரும் மறக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்த அவகாசம் மழை மாதத்தில் விழுந்தால் தேர்வை முதல் சில நாட்களிலேயே வைத்துவிடுங்கள். மழை குறையட்டும் என்று கடைசி வாரம்வரை காத்திருந்தால், தள்ளிப்போடுவதற்கு நாளே மிஞ்சாது.

அடுத்து, உள்ளூர் நாட்களைப் பாருங்கள். ஹெத்தையம்மன் பண்டிகை, ஏப்ரலில் உதகை மாரியம்மன் தேர் ஆகியவற்றுக்கு உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். படுகர் கிராமப் பிள்ளைகள் பண்டிகைக்கு முந்தைய நாளும் அடுத்த நாளும் வராமல் போகலாம். கூடலூர், பந்தலூர் என்றால், காப்பி பறிக்கும் மாதங்களுக்கான போன வருடத்து வருகைப் பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எந்த வாரம் பெஞ்ச் காலியாக இருந்தது என்று அதிலேயே தெரியும். ஏப்ரல், மே என்றால் சுற்றுலா நெரிசலில் பஸ் எப்போது வந்து சேரும் என்று சொல்ல முடியாது. அதனால் அந்த மாதங்களில் சனி, வெள்ளியைத் தவிர்ப்பது நல்லது.

மூன்றாவது, மின்தடை. துணை மின் நிலையப் பராமரிப்புக்காக மாதத்தில் ஒரு நாள் காலை 9 மணி முதல் மாலைவரை மின்சாரத்தை நிறுத்துவார்கள். உங்கள் பள்ளிக்கு எந்த துணை மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வருகிறது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாவிட்டால் செய்தித்தாளில் வரும் மின்தடை அறிவிப்பில் உங்கள் ஊர் இருக்கிறதா இல்லையா என்பதே குழப்பமாகிவிடும்.

2. எமிஸ் பட்டியலைச் சரிசெய்யுங்கள் (மூன்று வாரத்துக்கு முன்)

மாணவருடைய லாகின் எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேடு) பட்டியலிலிருந்துதான் வருகிறது. டி.சி. வாங்கிப் போனவர் அதில் இன்னும் இருப்பார், புதிதாகச் சேர்ந்தவர் பழைய பள்ளிக் கணக்கிலேயே இருப்பார், ‘அ’ பிரிவுப் பிள்ளை ‘ஆ’ பிரிவில் இருப்பார். தேர்வு மொழியும் தமிழ் வழி, ஆங்கில வழி என்று பதிவில் இருப்பதைப் பொறுத்தே வரும். எஸ்டேட் வேலைக்காகக் குடும்பம் இடம் மாறும் ஊர்களில் இந்தக் குழப்பம் அதிகம்.

வகுப்பில் நின்று பெயரை வாசித்துச் சரிபாருங்கள். பழைய பள்ளி விடுவித்து, நீங்கள் சேர்த்து, அது தேர்வுப் பக்கத்தில் தெரிவதற்குள் சில நாட்கள் ஓடிவிடும். தேர்வுக்கு முந்தைய நாள் கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது.

3. கணினியை நீங்களே எண்ணுங்கள்

இருப்புப் பதிவேட்டில் 20 இருக்கும். எங்கள் லேபில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஆன் செய்து பார்த்தபோது 17தான் உருப்படியாக வேலை செய்தது. ஒன்றில் ‘ஸ்பேஸ்’ கட்டை அழுந்தவில்லை. ஒன்றில் திரை மங்கல். இன்னொன்றில் ஹெட்போனில் ஒரு பக்கம்தான் கேட்டது.

எண்ணும்போது ஆன் ஆகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. தேர்வுப் பக்கத்தைத் திறந்து, ஒரு கேள்விக்கு விடையைக் கிளிக் செய்து, அடுத்த கேள்விக்குப் போய், திரும்பி வந்து பாருங்கள். மவுஸ் கோளாறு அப்போதுதான் வெளியே வரும்.

ஒரே சர்வரோடு (மையக் கணினி) எல்லா கணினியும் இணைந்திருக்கும் அமைப்பு என்றால், 20 பேரும் ஒரே நொடியில் லாகின் செய்தால் எல்லாமே திணறும். ஐந்து ஐந்து பேராக உள்ளே விடுங்கள். சர்வரின் தேதியையும் நேரத்தையும் தினமும் காலையில் பாருங்கள். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துப்போனால் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும், தேர்வுப் பக்கம் திறக்கவே திறக்காது. நெட் கோளாறு என்று நினைத்து எல்லோரும் மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்துகொண்டிருப்பார்கள்.

ஈரம் இங்கே இன்னொரு எதிரி. மூடுபனி காலத்தில் பத்து நாள் பூட்டிக் கிடந்த லேபைத் தேர்வன்று காலையில் திறக்கக் கூடாது. ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே தினமும் ஒரு மணி நேரம் எல்லா கணினியையும் ஓட விடுங்கள். காற்றோட்டம் வேண்டும் என்று சன்னலைத் திறந்து வைத்தால் பனி நேராக உள்ளே வந்து உட்கார்ந்துவிடும்.

4. இப்போது கணக்கைப் போடுங்கள்

ஒன்பதாம் வகுப்பில் மூன்று பிரிவும் சேர்த்து 112 பேர் என்று வைத்துக்கொள்வோம். வேலை செய்யும் கணினி 17. இரண்டை ஸ்பேராக ஒதுக்கினால் ஒரு குழுவுக்கு 15 பேர். 112ஐ 15ஆல் வகுத்தால் ஏழரை, ஆக எட்டு குழு.

தேர்வு 40 நிமிடம் என்றால் ஸ்லாட், அதாவது ஒரு குழுவுக்கு ஒதுக்கும் நேரம், 40 நிமிடம் இல்லை. உட்கார்ந்து லாகின் செய்ய 10, அறிவுரை வாசிக்க 5, எழுந்து போக, அடுத்த குழுவுக்குத் திரையைத் தயார் செய்ய 10. அதோடு ஐந்து நிமிடம் கையில் இருக்கட்டும். ஆக 70 நிமிடம். புதிதாக அட்டவணை போடுபவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். 45 நிமிடத்துக்கு ஒரு குழு என்று போட்டுவிட்டு, மதியத்துக்குள் ஒரு மணி நேரம் பின்தங்கி நிற்பார்கள்.

10.00, 11.10, 1.05, 2.15 என்று ஒரு நாளில் நான்கு ஸ்லாட் கிடைக்கும். நான் முதல் மூன்றில்தான் குழு போடுவேன். 2.15 ஸ்லாட்டைக் காலியாக விடுவேன். மின்சாரம் போனாலோ ஒரு குழு தாமதமானாலோ ஒதுங்க அன்றைக்கே ஓர் இடம் வேண்டும். தலைமை ஆசிரியர் ‘இரண்டே நாளில் முடித்துவிடலாமே’ என்று கேட்பார். எட்டு குழு, எட்டு ஸ்லாட் என்று கணக்கும் சரியாக இருக்கும். ஆனால் மலையில் எட்டு ஸ்லாட்டும் தடையில்லாமல் நடந்து நான் பார்த்ததில்லை. மூன்று நாள் கேட்டு வாங்குங்கள்.

5. யார் எந்த ஸ்லாட்: இதற்குத்தான் அதிக நேரம் கொடுங்கள்

வகுப்புக்குப் போய் ஒவ்வொரு பிள்ளையிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். எதில் வருகிறாய்? எத்தனை மணிக்குப் பள்ளிக்கு வந்து சேர்கிறாய்? திரும்பிப் போக கடைசி பஸ் எத்தனை மணிக்கு? மூன்றாவது கேள்விக்கான பதில் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. சில பிள்ளைகள் பஸ்ஸை விட்டு இறங்கி லயன் வீட்டுக்கு (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடு) இரண்டு கிலோமீட்டர் தேயிலைத் தோட்டத்துக்குள் நடக்க வேண்டும். இருட்டினால் அந்தப் பாதையில் காட்டெருமை நிற்கும். கூடலூர் பக்கம் என்றால் யானை. அந்தப் பிள்ளையை நாலரை மணிக்கு வெளியே அனுப்புவது போன்ற ஓர் அட்டவணையை நாம் போடக் கூடாது.

பட்டியல் கைக்கு வந்ததும் பஸ் வழித்தடப்படி பிரியுங்கள். மேலே சொன்ன 112 பேரில் தூரத்து பஸ் பிள்ளைகள் 41 என்றால் அவர்கள் மூன்று குழு. நடந்து வருபவர்கள், பக்கத்து ஊர்க்காரர்கள், விடுதியில் தங்கியிருப்பவர்கள் 71 பேர், ஐந்து குழு.

பஸ் பிள்ளைகளின் மூன்று குழுவையும் மூன்று நாளின் 11.10 ஸ்லாட்டில் வையுங்கள். பக்கத்துப் பிள்ளைகளை 10.00க்கும் 1.05க்கும் வையுங்கள். மூன்று நாளில் அப்படி ஆறு இடம் இருக்கும், ஐந்துதான் தேவை. மூன்றாம் நாள் 1.05 மிச்சமாகும். விடுபட்டவர்கள் எழுத அதுவே இடம்.

காரணம் இதுதான். காலையில் பஸ் முக்கால் மணி நேரம் தாமதமானாலும் 11.10க்கு அந்தக் குழு வந்து சேர்ந்துவிடும். அதற்கும் மேல் தாமதமானால், பள்ளியிலேயே இருக்கும் 1.05 குழுவை 11.10க்கு இழுத்து, பஸ் குழுவை 1.05க்குத் தள்ளினால் போதும். ஒரு பஸ் நின்றால் இரண்டு குழுதான் இடம் மாறும், மற்ற ஆறு குழுவையும் தொட வேண்டியதில்லை. வரிசை எண்படி போட்டிருந்தால் ஒரே பஸ் எட்டு குழுவையும் கலைத்துவிடும். மதியம் மழை கனத்துப் பள்ளியைச் சீக்கிரம் விட்டாலும், தூரத்துப் பிள்ளைகள் அதற்குள் எழுதி முடித்திருப்பார்கள்.

கூடுதல் நேரம் தர வேண்டிய மாற்றுத்திறன் பிள்ளைகளை 1.05 ஸ்லாட்டில் வையுங்கள். அதற்கடுத்த ஸ்லாட் காலியாக இருப்பதால் அவர்களை யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். 10.00 மணிக்கு வைத்தால் வாசலில் அடுத்த குழு சத்தம் போட்டுக்கொண்டு நிற்கும், அந்தப் பிள்ளைகள் திரையைப் பார்ப்பதை விட்டுக் கதவைப் பார்ப்பார்கள். இவர்களில் யாராவது தூரத்து பஸ்ஸில் வருபவர் என்றால், 1.05 முடிந்து அவருடைய பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதா என்று தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை முதல் குழுவில் போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வேண்டாம். முதல் ஸ்லாட்டில் கோளாறு வந்தால் அவர்களுடைய மதிப்பெண் போகும், கடைசி ஸ்லாட்டில் மின்சாரம் போனால் மெதுவாகப் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக மாட்டிக்கொள்வார்கள்.

6. மின்சாரமும் நெட்டும்

முதலில் உங்கள் மென்பொருள் எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கேள்வியும் நெட்டிலிருந்து நேராக வரும் வகை ஒன்று. கேள்விகளைச் சர்வரில் முன்கூட்டியே இறக்கி வைத்து, முடிந்த பிறகு விடைகளை ஏற்றும் வகை இன்னொன்று. இரண்டாவது வகையில் காலையிலும் மாலையிலும் நெட் இருந்தால் போதும். முதல் வகையில் தேர்வு நேரம் முழுக்க நெட் வேண்டும், அதனால் மாற்று இணைப்பு இல்லாமல் தொடங்கவே கூடாது. மொபைல் ஹாட்ஸ்பாட் போதும் என்றால், லேபுக்குள் அந்த மூலையில் சிக்னல் நிற்கிறதா என்று பாருங்கள். மைதானத்தில் நான்கு கோடு காட்டும் போன் கல்கட்டடத்துக்குள் வந்தால் ஒரு கோடுதான் காட்டும். எந்த சன்னல் ஓரத்தில், எந்த நிறுவனத்து சிம் எடுக்கிறது என்று முன்பே பார்த்து எழுதி வையுங்கள்.

யூபிஎஸ்ஸை நம்பும் முன் சோதியுங்கள். எல்லா கணினியையும் ஓட விட்டு, மெயினை அணைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். யூபிஎஸ்ஸில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரியின் திறனை நம் நாட்டில் 27 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிட்டுச் சொல்கிறார்கள். மார்கழிக் காலையில் நம் லேப் அதில் பாதி சூட்டில்கூட இருக்காது. குளிரில் பேட்டரி கொடுக்கும் நேரம் குறையும். அதனால் சோதனையை மதிய வெயிலில் செய்யாமல் காலை பத்து மணிக்கே செய்யுங்கள். எங்கள் லேபில் 32 நிமிடம்தான் நின்றது, தேர்வோ 40 நிமிடம். ப்ரொஜெக்டரையும் பிரிண்டரையும் யூபிஎஸ்ஸிலிருந்து கழற்றி, பயன்படுத்தாத திரைகளை அணைத்த பிறகு 45 நிமிடம் வந்தது. லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் மாட்டவே கூடாது. அது சூடாகும் அந்த நொடியில் மொத்தத்தையும் ட்ரிப் ஆக்கிவிடும்.

ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: மெயின் இல்லாதபோது புதிய குழுவை உட்கார வைக்காதீர்கள். பாதியில் மின்சாரம் போனால் யூபிஎஸ்ஸில் முடிக்கலாம். ஆனால் பாதி தீர்ந்த பேட்டரியில் அடுத்த குழுவைத் தொடங்கினால் 15 பிள்ளைகளின் விடையைப் பணயம் வைத்ததாகிவிடும்.

7. ஒத்திகை

வீட்டில் போனைத் தடவித் தடவிப் பழகிய பிள்ளைக்கு மவுஸ் புதிது. தேர்வுக்கு முந்தைய வாரம் எல்லா குழுவையும் அவரவர் ஸ்லாட் நேரத்திலேயே ஒருமுறை லேபுக்கு வரவழையுங்கள். பதினைந்து நிமிடம் போதும். பள்ளிக்குள்ளேயே தயாரித்த ஐந்து கேள்விகளை வைத்துப் பழக்குங்கள். அதே நேரத்தில் வரவழைத்தால் அட்டவணையில் இருக்கும் ஓட்டைகளும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

ஜனவரியில் ஒரு காலை. ஒரு பையன் ‘டீச்சர், கை விறைச்சுப் போச்சு’ என்று விரல்களை அக்குளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ‘அடுத்து’ பட்டனை ஒரு முறை அழுத்த நினைத்து, விரல் நடுங்கி இரண்டு முறை அழுத்தினான். மூன்றாம் கேள்வியிலிருந்து நேரே ஐந்துக்குப் போய்விட்டது. நான்காம் கேள்வி என்று ஒன்று இருந்ததே அவனுக்குத் தெரியவில்லை. அதன் பிறகு குளிர்காலத்தில் 10.00 ஸ்லாட் பிள்ளைகள் பக்கத்து அறையில் ஒரு டம்ளர் சுடுதண்ணீரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துவிட்டுத்தான் லேபுக்குள் வருவார்கள். ஒவ்வொரு கிளிக்குக்குப் பிறகும் கேள்வி எண்ணைப் பார்க்க வேண்டும் என்று ஒத்திகையிலேயே பழக்குகிறோம்.

எமிஸ் எண்ணையும் கடவுச்சொல்லையும் பெரிய எழுத்தில் சின்னச் சீட்டில் அச்சடித்துக் கொடுங்கள். கையால் எழுதினால் 1ம் 7ம் ஒன்றாகத் தெரிந்து பத்து நிமிடம் போய்விடும்.

8. தேர்வு நாள்

எட்டரைக்கு லேபைத் திறந்துவிடுங்கள். சர்வர், தேதி, நெட், யூபிஎஸ், இந்த வரிசையில் பாருங்கள். தேர்வுப் பாடத்தை எடுக்காத ஒருவர் கண்காணிப்பாளராக இருக்கட்டும். பாட ஆசிரியருக்குப் பிள்ளை தப்பான விடையைத் தொடும்போது சும்மா நிற்பது கஷ்டம்.

அறிவுரையை அச்சடித்த தாளிலிருந்து எல்லா குழுவுக்கும் ஒரே மாதிரி வாசியுங்கள். எல்லா பள்ளிப் பிள்ளைகளும் ஒரே நிலையில் எழுதினால்தான் ஒரு பள்ளியின் மதிப்பெண்ணை இன்னொன்றோடு வைத்துப் பார்க்க முடியும். ஒரு குழுவுக்குக் கேள்வியை விளக்கிச் சொல்லி, இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் விட்டால், நம் பள்ளிக்குள்ளேயே எந்தப் பிள்ளைக்கு எங்கே உதவி தேவை என்பது தெரியாமல் போய்விடும். பிள்ளை ‘புரியல’ என்றால் ‘இன்னொரு தடவை நிதானமாப் படிச்சுப் பாரு’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்த குழு ஒரு கதவு வழியாக வெளியே போகட்டும், காத்திருக்கும் குழு வேறு அறையில் இருக்கட்டும். ஒரே கதவுதான் என்றால், முடித்தவர்கள் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அடுத்தவர்களை அழையுங்கள். கேள்விகள் கலந்து வந்தாலும், வராந்தாவில் இரண்டு நிமிடம் சந்தித்தால் பாதிக் கேள்வி கைமாறிவிடும்.

திரை உறைந்துபோனால் பிள்ளை தானாக எதையும் மூடக் கூடாது, கையைத் தூக்கினால் போதும். எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்குத் திரும்ப வந்தது என்று நோட்டில் எழுதுங்கள். பல மென்பொருள்களில் மீண்டும் லாகின் செய்தால் விட்ட கேள்வியிலிருந்தே தொடரும். அப்படித் தொடருமா என்று ஒத்திகையிலேயே ஒரு கணினியை வேண்டுமென்றே அணைத்துப் பார்த்து வைத்திருக்க வேண்டும்.

9. முடிந்த பிறகு

ஒவ்வொரு குழுவும் எழுந்ததும், 15 பேருடைய விடையும் பதிவாகியிருக்கிறதா என்று எண்ணுங்கள். மாலையில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் 14தான் இருக்கும், அந்த ஒரு பிள்ளை அதற்குள் பஸ் ஏறியிருப்பாள்.

விடைகளை ஏற்றும் வகை என்றால் அன்றைய விடைகளை அன்றே ஏற்றுங்கள். கடைசி நாள் மாலையில் எல்லா பள்ளியும் ஒன்றாக ஏற்றும்போது பக்கம் நகராது. ஏறிவிட்டது என்று திரை காட்டியதும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது வரும்வரை சர்வரில் எதையும் அழிக்கக் கூடாது.

வராதவர்களின் வீட்டுக்கு முதல் நாள் மாலையே போன் செய்யுங்கள். மூன்றாம் நாள் 1.05 ஸ்லாட் அவர்களுக்காகத்தான் காத்திருக்கிறது. போன் எடுக்காத வீடு என்றால் அதே லயனிலிருந்து வரும் இன்னொரு பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள்.

பஸ் நேரப் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். லேப் பீரோவில் வைத்து, ஜூனில் புதுப் பிள்ளைகள் சேர்ந்ததும் பக்கத்திலேயே அவர்கள் பெயரையும் கடைசி பஸ் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த சுற்றறிக்கை வரும்போது ஐந்தாவது படி பாதி முடிந்திருக்கும்.